கருப்பாகிப் போகும் திரை: கிராபிக்ஸ் கார்டு கோளாறுகளின் கதை

கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முக்கியமான கட்டம். திடீரென்று திரை கருப்பாகும். அல்லது படம் அப்படியே உறைந்து நிற்கும். அல்லது கம்ப்யூட்டரே அணைந்து மறுபடி எழும். உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "கார்டு போச்சு!"

2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு இந்தியாவில் 71,000 ரூபாய் தொடக்க விலையில் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு விலையுள்ள ஒரு பொருளைப் பற்றி அவசரத்தில் தீர்ப்பு எழுதினால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். கடந்த இருபது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்த வழக்கில் குற்றவாளி பல முறை கார்டே இல்லை. கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்ததும் திரையில் வந்த செய்தி இல்லை. கோளாறு எப்போது, எந்த ஒழுங்கில் வந்தது என்பதுதான் காட்டிக்கொடுத்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிய பாடம் கிடையாது.

தறிக்கு மேலே ஒரு கார்டு

பிள்ளையார்பாளையம் பக்கம் பட்டுத் தறிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். 1804-இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மேரி ஜக்கார் உருவாக்கிய கருவி இது. அது வருவதற்கு முன்பு காஞ்சி நெசவாளர்கள் 'அடை' என்ற நூல் கட்டு முறையில் உருவங்களை நெய்தார்கள்.

ஜக்கார்டு வேலை செய்யும் விதம் எளிமையானது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், நூல் கீழேயே நிற்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்களில் மயிலும் யானையும் மாங்காயும் புடவையில் வந்துவிடும். துளையிட்ட அட்டையில் தகவலைப் பதிக்கும் இதே வழியைத்தான் ஹெர்மன் ஹொலரித் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தினார். அவருடைய நிறுவனம் பின்னாளில் ஐபிஎம் ஆன நிறுவனங்களில் ஒன்று. படத்தைச் சேமித்து வைத்த முதல் 'கார்டு' என்று ஜக்கார்டு அட்டையைச் சொன்னால் மிகையில்லை!

புடவையில் பிசகு வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் பிசகு வந்தால் அட்டையில் தவறான துளை. புடவையின் நீளவாக்கில் ஒரே கோடாக இறங்கினால் ஒரு கொக்கியிலோ அதில் கட்டிய நூலிலோ கோளாறு. எப்போதோ ஒருமுறை மட்டும் வந்தால் அந்த நேரத்தில் அட்டை சரியாக உட்காரவில்லை. பிசகின் ஒழுங்கைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். தறியைப் பிரிக்க வேண்டியதில்லை.

இனி கம்ப்யூட்டர் கார்டுக்கு வருவோம்.

75 வாட்டிலிருந்து 450 வாட் வரை

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் படம் காட்டுவதற்கென்று தனி அட்டை இருந்தது. 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு முப்பரிமாண கேம்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 1999-இல் என்விடியா தன் ஜீபோர்ஸ் 256 கார்டை "ஜிபியு" என்ற பெயரில் விளம்பரம் செய்தது. அடுத்த ஆண்டே 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றுவிட்டுக் கடையை மூடியது.

அந்தக் கால வூடூ கார்டில் விசிறி கூடக் கிடையாது. பின்னர் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு கார்டுக்கு 75 வாட் மின்சாரம் கொடுத்தது. அதுவும் போதாமல் தனி மின்கம்பிகள் வந்தன. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு 450 வாட் தேவை. ஆறு சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம்! வேகம் கூடியபோது வெப்பமும் கூடியது, மின்சாரப் பசியும் கூடியது. கோளாறுகளின் கதை பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான். ஆனால் முதல் பெரிய ரகளை வேறு இடத்தில் கிளம்பியது.

2007: குற்றவாளி டிரைவர்

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. எக்ஸ்பியில் டிரைவர் மாட்டிக்கொண்டால் நீலத்திரைதான் கதி. விஸ்டாவில் புது ஏற்பாடு: கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸே டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். திரை ஒரு கணம் கருப்பாகி, "டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை, மீண்டுவிட்டது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். இன்றும் இதே ஏற்பாடுதான் நடைமுறையில் இருக்கிறது.

விஸ்டாவுக்காக டிரைவர்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அவசரத்தில் எழுதியவை தடுமாறின. மைக்ரோசாப்ட் மீது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் 2008-இல் வெளிவந்த ஆவணங்களில் ஒரு கணக்கு இருந்தது. 2007-இல் பதிவான விஸ்டா கிராஷ்களில் சுமார் 28.8 சதவீதத்துக்குக் காரணம் என்விடியா டிரைவர்கள். ஏடிஐ டிரைவர்களின் பங்கு 9.3 சதவீதம்.

எக்ஸ்பியில் ஒழுங்காக ஓடிய அதே கார்டு விஸ்டாவில் விழுந்தது. கார்டு மாறவில்லை, மென்பொருள்தான் மாறியது. கோளாறு புது டிரைவரோடு வந்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியதும் டிரைவரைத்தான். இதற்கு இன்னொரு சாட்சி 2010 மார்ச்சில் வந்த என்விடியா 196.75 டிரைவர். அதில் விசிறியைக் கட்டுப்படுத்துவதில் பிழை இருந்ததால் கார்டுகள் கொதித்தன. என்விடியா அதைத் திரும்பப் பெற்றது.

சூடாகி, ஆறி, விரிந்த பொட்டுகள்

2008 ஜூலை 2-ஆம் தேதி என்விடியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சில லேப்டாப் சிப்புகள் வழக்கத்துக்கு மீறிப் பழுதாகின்றன, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்றது. அதாவது, வாரண்டிச் செலவு கணக்கில் ஒரே காலாண்டில் பெரும் தொகையாக ஏறியது.

சிப்புக்கும் அதைத் தாங்கும் தட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சால்டர் பொட்டுகள் இருக்கின்றன. கம்ப்யூட்டரைப் போட்டால் சூடாகி விரியும், அணைத்தால் ஆறிச் சுருங்கும். சிப்பும் தட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆயிரம் முறை இப்படி இழுபட்டால் பொட்டில் விரிசல் விழுகிறது. டெல் நிறுவனம் விசிறியை அதிக நேரம் ஓட விடும் பயாஸ் அப்டேட் கொடுத்தது. விரிசலைத் தள்ளிப்போடலாம், ஒட்டவைக்க முடியாது!

அதற்கு ஒரு வருடம் முன்புதான், 2007 ஜூலையில், எக்ஸ்பாக்ஸ் 360-இன் 'சிவப்பு வளைய' கோளாறுக்காக மைக்ரோசாப்ட் வாரண்டியை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2006-இல் ஐரோப்பா ஈயத்தைக் கட்டுப்படுத்தியதால் வந்த ஈயமில்லாத சால்டர்தான் காரணம் என்று வெகுகாலம் பேசப்பட்டது. சிப்பின் பொதிக்குள்ளேயே, சூடாகி ஆறும் சுழற்சியில் இணைப்புகள் முறிந்தன என்று மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் 2021-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் விளக்கினார்கள்.

கார்டை சமையலறை ஓவனில் வைத்துச் சுடும் வைத்தியம் பரவியதும் அந்தக் காலத்தில்தான். சூட்டில் விரிசல் சற்றே ஒட்டிக்கொள்ளும், கார்டு சில நாளோ சில வாரமோ ஓடும், பிறகு மறுபடி போய்விடும். புகைதான் மிச்சம்.

என்விடியா சிப் வழக்கில் 2010-இல் சமரசம் ஏற்பட்டது. அது அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். டெல் தொழிற்சாலை 2007-லேயே ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த நஷ்டஈடு இந்தப் பக்கம் வரவில்லை.

மெனு திரையில் மாட்டிக்கொண்ட கார்டுகள்

2010 ஜூலையில் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. சண்டைக் காட்சியில் தாக்குப்பிடித்த கார்டுகள் வெறும் மெனு திரையில் கொதித்தன. மெனுவில் வரைய அதிகம் இல்லை. வேகத்துக்கு உச்சவரம்பும் இல்லை. கார்டு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதே படத்தை வரைந்து தள்ளியது. அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளைச் சேர்த்து உச்சவரம்பு வையுங்கள் என்று பிளிசார்ட் நிறுவனம் சொன்னது.

2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு கேமின் சோதனைப் பதிப்பில் இதே கதை. இந்த முறை ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்தே போயின. எல்லாரும் கேமைத் திட்டினார்கள். ஆனால் அதே கேமை ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள், விழுந்தவற்றில் பல ஒரே தயாரிப்பாளருடையவை. ஈவிஜிஏ நிறுவனம் திரும்பி வந்த சுமார் இரண்டு டஜன் கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மின்சாரம் தரும் பகுதியில் சால்டரிங் சரியில்லை என்று ஒப்புக்கொண்டது. கேம் செய்தது, இருந்த பலவீனத்தை வெளியே கொண்டுவந்தது மட்டுமே.

மின்சாரம் செய்த கோளாறு

2020 செப்டம்பர் 17-இல் ஆர்டிஎக்ஸ் 3080 விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் புகார்களும் வந்தன. கார்டின் கடிகார வேகம் 2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும்போது கேம் விழுகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் விழுவதில்லை. சிப்புக்குப் பின்புறம் இருக்கும் கெபாசிட்டர்களின் வகைதான் காரணமா என்று பெரிய விவாதம் நடந்தது. ஈவிஜிஏ தன் வடிவமைப்பை மாற்றியது. செப்டம்பர் 28-இல் என்விடியா வெளியிட்ட 456.55 டிரைவர் பெரும்பாலோரின் பிரச்சினையைத் தீர்த்தது.

2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16 முனை கொண்ட புது மின் இணைப்பி இருந்தது. சில கார்டுகளில் அது உருகியது. கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைக் குழு ஆராய்ந்தபோது, இணைப்பி முழுவதும் உள்ளே போகாதது முக்கியக் காரணம் என்று தெரிந்தது. முழுதாகச் சொருகாவிட்டால் கார்டு அதிக மின்சாரம் கேட்காதபடி, முனைகளின் நீளத்தை மாற்றி 2023-இல் திருத்திய வடிவம் வந்தது.

2024: வீண்பழி

இந்த வரலாற்றிலேயே நல்ல பாடம் 2024-இல் வந்தது. கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று செய்தி வந்து கேம் மூடிக்கொண்டது. 24 ஜிபி மெமரி உள்ள கார்டிலும் அதே செய்தி! கார்டை மாற்றிப் பார்த்தவர்களுக்கும் அதே செய்தி.

ஒழுங்கைப் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்தது. கோளாறு வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை உயர்ரக பிராசசர் இருந்தது. விழுந்த நேரம், கேம் தன் ஷேடர்களைத் தயார் செய்யும் நேரம். அது பிராசசரின் வேலை. 2024 ஏப்ரலில் என்விடியாவே இன்டெல்லைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. பிராசசருக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போகிறது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. செய்தி கார்டின் பெயரைச் சொன்னது. குற்றம் பிராசசருடையது.

காஞ்சியில் ஒரு கம்ப்யூட்டர் விழுந்தால்

வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் கார்டைச் சோதிக்கிறார்கள். கத்திரி வெயிலில் காஞ்சிபுரத்து மாடி அறை 38 டிகிரி இருக்கும். அங்கே 70 டிகிரி காட்டிய கார்டு இங்கே 85-ஐத் தொடும். மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் வேறு. கடையில் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட் மட்டுமே. கேமிங் கம்ப்யூட்டர் அதைத் தாண்டும் நொடியில் எல்லாம் அணையும்.

எனவே மேலே உள்ள வரலாற்றைச் சுருக்கினால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்கும் வரிசை இது:

1. ஒரே ஒரு கேமில் மட்டும் விழுகிறதா? கேமின் அப்டேட்டையும் அமைப்புகளையும் பாருங்கள். வேகத்துக்கு உச்சவரம்பு வையுங்கள்.

2. டிரைவர் மாற்றிய பிறகு தொடங்கியதா? பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கி, ஒழுங்காக ஓடிய பதிப்பைப் போடுங்கள்.

3. அரைமணி நேரம் ஆடிய பிறகு, மதியத்தில் மட்டும் விழுகிறதா? தூசி, விசிறி, காற்றோட்டம். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து ஆடிப் பாருங்கள்.

4. திரை மட்டும் கருப்பாகாமல் கம்ப்யூட்டரே அணைகிறதா? பவர் சப்ளை, யுபிஎஸ், கம்பி இணைப்புகள். யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகப் போட்டு ஒருமுறை சோதியுங்கள்.

5. ஓவர்கிளாக் செய்ததா? இயல்பு வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகம் குறைத்ததும் சரியானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

6. விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிகின்றனவா? கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால்தான் கார்டு மேல் சந்தேகம். நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டு உறுதி செய்யுங்கள்.

ஒவ்வொரு முறை விழும்போதும் தேதி, நேரம், ஆடிய கேம், கார்டின் வெப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் இருந்தால் டிரைவர் நின்று எழுந்திருக்கிறது. 41 என்ற எண் இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை. 'சில நேரம் விழுகிறது' என்று சொன்னால் சர்வீஸ் சென்டர் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். எப்போது விழுகிறது என்று தேதியோடு காட்டினால் அப்படி எளிதாக அனுப்ப முடியாது.

அதற்கும் மசியாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலையிலிருந்து, வாங்குபவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கார்டைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கையில் வேண்டியவை மூன்று: பில், வாரண்டி, அந்த நோட்டு.