டி20-உம் ஹண்ட்ரடும்: இங்கிலாந்து ரசிகரின் இரண்டு மனம்

ஒன்றில் ஒரு அணிக்கு 120 பந்துகள், மற்றதில் 100. இடையே இருப்பது இருபதே பந்து. இரண்டையும் பெற்றெடுத்தது ஒரே வாரியம், இங்கிலாந்து-வேல்ஸ் கிரிக்கெட் வாரியம். 2003-ல் டி20, 2021-ல் ஹண்ட்ரட். சொல்லப்பட்ட காரணமும் ஏறக்குறைய ஒன்றே: மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, பிள்ளைகளும் பெண்களும் வேலை முடித்துத் திரும்புகிறவர்களும் வர வேண்டுமென்றால் ஆட்டம் சுருங்கியாக வேண்டும். முதலாவதை இங்கிலாந்து ரசிகர்கள் ஒன்றிரண்டு கோடைக்குள் தமதாக்கிக்கொண்டார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் இன்றும் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பதில் வரும். சில சமயம் ஒரே ஆளிடமிருந்தே இரண்டும் வரும்.

இதைப் பழமைவாதிகளுக்கும் இளைஞர்களுக்குமான சண்டை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் கணக்கில் உதைக்கிறது. 2003-ல் இருபது வயதில் டி20 பார்க்க ஓடியவருக்கு 2021-ல் முப்பத்தெட்டு வயது. ஹண்ட்ரடைக் கண்டு முகம் சுளித்தவர்களில் அந்தத் தலைமுறையும் உண்டு. சின்ன ஆட்டம் பிடிக்காதவர்கள் அல்ல அவர்கள். சின்ன ஆட்டத்தை வளர்த்துவிட்டவர்களே அவர்கள்தான்.

டி20 பிறந்த கதையில் புகையிலைக்கு ஒரு பங்கு இருக்கிறது. சிகரெட் விளம்பரங்களுக்குப் பிரிட்டனில் தடை வந்ததும், பென்சன் அண்டு ஹெட்ஜஸ் கோப்பை 2002-உடன் முடிந்தது. கோடையின் நடுவில் ஓர் இடம் காலியானது. வாரியத்தின் சந்தைப்படுத்தல் மேலாளராக இருந்த ஸ்டூவர்ட் ராபர்ட்சன், மைதானத்துக்கு வராதவர்கள் ஏன் வரவில்லை என்று ஆய்வு நடத்தி, இருபது ஓவர் ஆட்டத்தைப் பரிந்துரைத்தார். கவுண்டி எனும் வட்டார அணிகளின் தலைவர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் 11-க்கு 7 என்று அது தேறியது. ஏழு பேர் வேண்டாம் என்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். டி20 எல்லாரும் கைதட்டிப் பிறந்த பிள்ளை இல்லை. 2003 ஜூன் 13 அன்று முதல் ஆட்டங்கள் நடந்தன. வேலை நாளின் மாலை, இங்கிலாந்தின் நீண்ட ஜூன் வெளிச்சத்தில், இரவு உணவு நேரத்துக்குள் முடியும் ஆட்டம்.

வடிவம் அங்கே யாருக்கும் அந்நியமாகவும் இல்லை. ஊர் கிளப்புகளும் தொழிற்சாலை அணிகளும் வாரநாள் மாலைகளில் இருபது ஓவர் ஆட்டங்களைப் பல பத்தாண்டுகளாக ஆடிக்கொண்டுதான் இருந்தன. தான் ஆடிய ஆட்டத்தைத் தன் கவுண்டி ஆடுவதைப் பார்க்க ரசிகர் டிக்கெட் வாங்கினார். முதல் கோப்பையை சர்ரே வென்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் லார்ட்ஸில் மிடில்செக்ஸும் சர்ரேயும் மோதியபோது ஏறக்குறைய 27,000 பேர் வந்தார்கள். கவுண்டி ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் என்பது பெரியவர்களின் நினைவில் மட்டும் மிஞ்சியிருந்த காட்சி.

லண்டனைவிட லெஸ்டர்தான் எனக்கு நல்ல சாட்சி. லெஸ்டர்ஷயர் பணமோ பெரிய மைதானமோ இல்லாத கவுண்டி. நட்சத்திர ஆட்டக்காரர்கள் வளர்ந்ததும் பக்கத்துக் கவுண்டிக்குப் போய்விடும் ஊர். அது 2004, 2006, 2011 என்று மூன்று முறை டி20 கோப்பையை வென்றது. நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு வெற்றிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமும் அதற்கு உண்டு. அந்த ஊர் ரசிகரிடம் போய் டி20 கிரிக்கெட்டைக் கெடுத்துவிட்டது என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? இருபது ஓவரில் எளியவனும் ஜெயிக்கலாம் என்பதை அவர் தன் கண்ணால் பார்த்தவர். முக்கியமாக, ஜெயித்தது அவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த கிளப்.

இப்போது ஹண்ட்ரடுக்கு வருவோம். 2018 ஏப்ரலில் அறிவிப்பு, 2020-ல் தொடக்கம் என்று திட்டம். கொரோனா அதை 2021 ஜூலை 21-க்குத் தள்ளியது. டி20-க்குக் காலியிடம் கிடைத்தது போல இதற்குக் கிடைக்கவில்லை. கவுண்டிகளின் டி20 பிளாஸ்ட் அப்போது ஒரு பருவத்தில் ஒன்பது லட்சம் பேருக்குமேல் இழுத்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு முன்னால் எதற்கு இன்னொரு வண்டி என்பதுதான் ரசிகர்களின் முதல் கேள்வி. வாரியத்திடம் இருந்த பதில் தொலைக்காட்சி. 2005 ஆஷஸுக்குப் பிறகு இங்கிலாந்தின் நேரலைக் கிரிக்கெட் கட்டணச் சேனலுக்குள் போய்விட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வீட்டு டிவியில் கிரிக்கெட்டைத் தற்செயலாகப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் வளர்ந்தார்கள். பிபிசிக்கு ஏற்றபடி இரண்டரை மணி நேரத்தில் முடிகிற ஆட்டம் வேண்டும். டி20-யோ இழுத்துக்கொண்டே போய் மூன்று மணியைத் தாண்டத் தொடங்கியிருந்தது. எனவே நூறு பந்து.

இந்தக் காரணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கட்டணச் சுவருக்குப் பின்னால் ஆட்டத்தை அடைத்ததும் இதே வாரியம்தான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

விதிகளைப் பற்றிய கோபம் எனக்கு அவ்வளவாகப் புரிவதில்லை. ஆறு பந்து ஓவர் போய், ஐந்து பந்துக் கட்டு வந்தது. ஒருவரே தொடர்ந்து பத்து பந்தும் போடலாம். பத்துக்கு ஒருமுறைதான் முனை மாறும். ஐயோ, ஓவரைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். 1889 வரை இங்கிலாந்தில் ஓவருக்கு நான்கு பந்து. அதன்பின் 1900 வரை ஐந்து. ஆறு வந்தது அதற்குப் பிறகுதான். ஆஸ்திரேலியாவில் 1979 வரை எட்டு பந்து ஓவர் வீசினார்கள். ஐந்து பந்துக் கட்டைப் புதுமை என்று விளம்பரப்படுத்தியவர்களும் அதை நிந்தனை என்று வைதவர்களும் விக்டோரியா ராணி காலத்தை மறந்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை: ஹண்ட்ரடில் எடுக்கும் ஓட்டமும் விக்கெட்டும் புள்ளிவிவரங்களில் டி20 கணக்கிலேயே சேருகின்றன. ஆட்டத்தைப் பதிவு செய்கிறவர்களுக்கே அந்த இருபது பந்து பெரிதாகப் படவில்லை.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. டி20 பதினெட்டுக் கவுண்டிகளுடையது. ஹண்ட்ரடுக்கு எட்டே அணிகள், ஏழு நகரங்கள். டான்டன், கான்டர்பரி, ஹோவ், செம்ஸ்போர்டு, லெஸ்டர், டர்பி ஆகிய ஊர்களுக்கு இடமில்லை. 2021 முதல் 2024 வரை டி20 பிளாஸ்டை வென்றவர்களைப் பாருங்கள்: கென்ட், ஹாம்ப்ஷயர், சாமர்செட், க்ளாஸ்டர்ஷயர். நால்வரில் மூவருக்கு ஹண்ட்ரட் மைதானம் கிடையாது. சாமர்செட் ரசிகருக்கு ஒதுக்கப்பட்ட அணி எது தெரியுமா? கடலுக்கு அக்கரையில், கார்டிஃபில் ஆடும் வெல்ஷ் ஃபயர். டான்டனின் சைடர் குடிக்கும் ஆளை வேல்ஸ் பெயர் போட்ட சட்டையுடன் கைதட்டச் சொன்னார்கள். சட்டையில் பெரிதாகச் சிப்ஸ் விளம்பரம் வேறு.

உணர்ச்சியோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல இது. பெரும்பாலான கவுண்டிகள் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்புகள். ஆண்டுச் சந்தா கட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் பொதுக்குழுவில் ஒரு வாக்கு உண்டு. அந்த வாக்குக்குப் பலமும் உண்டு. 2022-ல் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் தலைமையிலான குழு நான்கு நாள் சாம்பியன்ஷிப் ஆட்டங்களை 14-லிருந்து 10 ஆகக் குறைக்கலாம் என்றபோது, கவுண்டி உறுப்பினர்களின் எதிர்ப்பில் அது நின்றுபோனது. ஹண்ட்ரட் அணிக்கு உறுப்பினர் என்று யாருமில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் மட்டுமே. ஒரு இடத்தில் பங்காளியாக இருந்தவரை இன்னொரு இடத்தில் வாடிக்கையாளராக வரச் சொன்னால், பந்து நூறானாலும் நூற்றிருபதானாலும் அவர் தயங்கத்தான் செய்வார்.

நமக்கு இது சட்டென்று உறைக்காமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் முதல் மாநிலங்களுக்கிடையேயான டி20 கோப்பையை 2007-ல் வென்றது தமிழ்நாடு. சென்னையில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்? அடுத்த ஆண்டு ஐபிஎல் வந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. ரஞ்சி ஆட்டத்தின் காலி நாற்காலிகள்தான் அங்கே இருந்தன. இங்கே வெற்றிடத்தில் முளைத்த முறையை, அங்கே நூற்றைம்பது ஆண்டுப் பழக்கத்தின் மேல் நட்டார்கள்.

பிறகு ஆகஸ்ட். பள்ளி விடுமுறை, நல்ல வெயில், கிரிக்கெட்டுக்கே வாய்த்த மாதம். அதை ஹண்ட்ரட் எடுத்துக்கொண்டது. அதே நாட்களில் கவுண்டிகள் ஆடும் ஐம்பது ஓவர் கோப்பைக்கு இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்களே மிஞ்சினார்கள். 2019-ல் ஐம்பது ஓவர் உலகக்கோப்பையை வென்ற நாடு, இரண்டே ஆண்டில் தன் சிறந்த ஆட்டக்காரர்கள் உள்ளூரில் ஐம்பது ஓவர் ஆடாதபடி செய்துகொண்டது. ஆனால் இதில் எதிர்பாராத ஒரு இனிப்பும் கிடைத்தது. யார்க்‌ஷயர் தன் ஐம்பது ஓவர் ஆட்டங்களுக்கு ஸ்கார்பரோவுக்கும் யார்க்குக்கும் போயிற்று. நார்த்தாம்ப்டனில் 2023 ஆகஸ்டில் பிருத்வி ஷா 244 அடித்தார். அந்த ஆண்டுக் கோப்பையை வென்றது லெஸ்டர்ஷயர். சிறிய மைதானம், இளம் ஆட்டக்காரர்கள், பகல் முழுவதும் ஆட்டம் என்று ஹண்ட்ரடை வெறுத்தவர்களுக்கு ஹண்ட்ரடே ஒரு புகலிடம் அமைத்துக் கொடுத்துவிட்டது.

பெண்கள் கிரிக்கெட்டில் வந்து நிற்கும்போது கவுண்டி விசுவாசியின் வாதம் தடுமாறுகிறது. முதல் சர்வதேச டி20-ஐ ஆடியதே பெண்கள்தான். 2004 ஆகஸ்டில் ஹோவில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதின. ஆனாலும் கவுண்டி டி20 அடுத்த பல ஆண்டுகளுக்கு ஆண்களின் கொண்டாட்டமாகவே இருந்தது. ஹண்ட்ரடின் முதல் ஆட்டமே பெண்களுடையது. ஓவல் மைதானத்தில் 7,395 பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு லார்ட்ஸ் இறுதிப் போட்டிக்கு 17,116 பேர். ஹெடிங்லியில் 43 பந்தில் 92 அடித்த ஜெமிமா ரோட்ரிக்ஸைப் பார்த்து, அதுவரை பெண்கள் ஆட்டம் ஒன்றையும் நேரில் பார்த்திராதவர்கள் எழுந்து நின்றார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில், ஒரே மைதானத்தில் ஆடும் ஏற்பாடுதான் ஹண்ட்ரடின் ஆகச்சிறந்த அம்சம் என்று எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் முதல் திட்டத்தில் அது இல்லை! பெண்களின் ஆட்டங்களில் பெரும்பாலானவை தனியாகச் சிறு மைதானங்களில் நடக்கவிருந்தன. கொரோனா காலத்துச் சிக்கல்களைச் சமாளிக்கச் சேர்த்து வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. சம்பளத்தில் அந்தச் சமத்துவம் வரவில்லை. 2021-ல் ஆண்களின் உச்சத் தொகை 1,00,000 பவுண்டு, பெண்களுக்கு 15,000.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது, ரசிகரின் அன்பும் கோபமும் விளைவோடு பொருந்தாமல் நிற்பதுதான். ஐந்து நாள் ஆட்டத்தை உண்மையில் உலுக்கியது ரசிகர்கள் வெறுக்காத டி20. சாமர்செட்டும் லெஸ்டரும் சிரித்துக்கொண்டே வரவேற்ற அந்த மாலை ஆட்டம்தான் ஐபிஎல் ஆகி, உலகெங்கும் லீக்குகளாகி, 2022-ல் டிரென்ட் போல்ட் போன்ற ஒரு பந்துவீச்சாளர் நியூசிலாந்து வாரியத்தின் ஒப்பந்தத்தையே விட்டு விலகும் நிலைக்குக் கொண்டுவந்தது. திட்டு வாங்கும் ஹண்ட்ரடோ இங்கிலாந்துக்கு வெளியே எந்த நாட்டையும் மாற்றிவிடவில்லை. நூறு பந்து வடிவத்தைப் பெரிய நாடுகள் எதுவும் எடுத்துக்கொள்ளவுமில்லை. தன் கவுண்டியின் சட்டையோடு வந்ததால் ஒன்றின் வாசலில் யாரும் சோதனை போடவில்லை. அறிமுகமில்லாத சட்டையோடு வந்ததால் மற்றது இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

பணத்தின் கதையும் இங்கேதான் சேருகிறது. டி20-ஐ உருவாக்கிய இங்கிலாந்து அதில் பெரும் பணம் பார்க்கவில்லை, பார்த்தது இந்தியா. ஹண்ட்ரடையாவது விற்றுக் காசாக்கிக்கொள்ள வாரியம் முடிவு செய்தது. 2025-ல் எட்டு அணிகளின் பங்குகளும் விலைபோய், 50 கோடி பவுண்டுக்கு மேல் வந்தது. எந்தக் கவுண்டிகளின் ரசிகர்கள் மிகவும் கசந்து பேசினார்களோ, மைதானம் கிடைக்காத அந்தக் கவுண்டிகளுக்கும் இதில் பெருந்தொகை போகிறது. டான்டனில் புதிய கேலரி எழுந்தால் அதில் ஹண்ட்ரடின் காசு இருக்கும். இந்தக் காசை வேண்டாம் என்று சொல்லும் உறுப்பினரை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

வாங்கியவர்களில் பாதிப்பேர் ஐபிஎல் முதலாளிகள். ஓவல் இன்வின்சிபிள்ஸின் ஆண்கள் அணி 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றது. அந்தப் பெயருக்கென்று ஒரு சிறு கூட்டம் உருவாகத் தொடங்கிய நேரத்தில், 2026 முதல் அது எம்ஐ லண்டன். லீட்ஸில் இருந்த நார்தர்ன் சூப்பர்சார்ஜர்ஸை முழுதாக வாங்கியது சென்னையின் சன் குழுமம். இனி சன்ரைசர்ஸ் லீட்ஸ். 1992-ல் சச்சின் டெண்டுல்கர் வரும்வரை வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரையும் சேர்க்காமல் இருந்தது யார்க்‌ஷயர் கவுண்டி. அதன் ஹெடிங்லி மைதானத்தில் இப்போது ஒரே கோடையில் இரண்டு சுருங்கிய ஆட்டங்கள் நடக்கும்: யார்க்‌ஷயர் பெயரில் டி20 பிளாஸ்ட், சென்னைக்காரர்களின் பெயரில் ஹண்ட்ரட். லீட்ஸ்காரர் இரண்டுக்கும் டிக்கெட் வாங்குவார் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றுக்குத் தாத்தா வாங்கிக்கொடுத்த தொப்பியோடு போவார், மற்றதற்குப் பேத்தி கேட்டாள் என்பதற்காக.