ஹோம் சர்ச் கல்யாணமும் ஒரு முழ லேஸும்



கல்யாண சீசன் வந்துவிட்டது. போட்டோ எடுக்க எல்லாரும் பழைய கட்டடமாகத் தேடுகிறார்கள். என்னிடம் படித்த ஒருவன் நாகர்கோவில் ஹோம் சர்ச் முன்னால் ஜோடியாக நின்ற படத்தைப் போட்டு, "விக்டோரியா காலத்து ஆலயம் சார்" என்று எழுதியிருந்தான். படம் அழகு. ஆனால் மக்கா, கணக்கு உதைக்கிறதே! மணிமேடையைச் சொன்னால் சரி, அது 1893. ஹோம் சர்ச்சுக்கு மீட் ஐயர் அடிக்கல் போட்டது 1819 ஜனவரி 1-ஆம் தேதி. விக்டோரியா பிறந்ததே அந்த வருஷம் மே மாதம்தான். ராணியைவிட நம் ஆலயத்துக்கு வயது கூடுதல்.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி பார்வதி பாய். மிஷனுக்கு வயல் வாங்க 5,000 ரூபாய் கொடுத்தவர் அவர். ஆலயத்துக்குக் கல் இழுக்கக் கோவில் யானைகள் வந்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்று மணப்பெண் வெள்ளைச் சேலையும் தலையில் நெட்டுமாக வருகிறாள். இந்த வெள்ளையைப் பரப்பியது விக்டோரியாதான். 1840-ல் தன் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டும் லேஸும் உடுத்தினார். ஆனால் லேஸ் பின்ன நம் ஊர்ப் பெண்கள் 1820-களிலேயே படித்துவிட்டார்கள். மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மாள் நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்த தொழில் அது. அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் பின்னினார்கள். அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அரசாங்கம் அடிமை முறையை ஒழித்தது 1855-ல்தான். ஒரு பெண் எத்தனை முழம் பின்னியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

லேஸ் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு விலைபோனது. பின்னிய சாதிப் பெண்களோ தங்கள் தோளில் ஒரு துணி போட்டால் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1829-ல் குப்பாயம் மட்டும் போடலாம், மேல்சாதியார் போல மேல்சீலை கூடாது என்று உத்தரவு. 1858 கடைசியில் மறுபடி கலகம், ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் செய்தார். தோளை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அல்ல என்ற நிபந்தனை அதிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் மேலாடையோடு ஆலயத்துக்கு நடந்து போவதே ஒரு வழக்குதான், கல்யாண நாளானாலும்.

அடிக்கல் போட்ட மீட் ஐயரின் கல்யாணக் கதை அதைவிட விசேஷம். இரண்டு மனைவிகளை இழந்தவர், 1850-களின் தொடக்கத்தில் லோயிஸ் என்ற நம்மூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண். எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று போதித்த சக மிஷனரிகளுக்கே அது பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மிஷனைவிட்டு அவர் விலக வேண்டியதாயிற்று. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இதைப் படித்த பிறகுதான்.

சர்க்கார் அவரைச் சும்மா விடவில்லை. திருவிதாங்கூர் பள்ளிக்கூடங்களுக்கு மேற்பார்வையாளராகப் போட்டது. வாத்தியார்கள் வர்க்கத்தில் சேர்ந்துவிட்டார் மனுஷன்.