வன்தட்டு அழிப்பு

வன்தட்டு அழிப்பு என்பது பயன்பாட்டிலிருந்து விலக்கப்படும் கணினியின் சேமிப்புக் கருவியில் உள்ள தரவை மீட்க முடியாதபடி துடைப்பது, அல்லது கருவியையே சிதைப்பது. ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு, எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு, அண்டையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களில், ஆலை அலுவலகக் கணினி என்பது தொழிலாளரின் ஆதார் எண், பி.எஃப். விவரம், வங்கிக் கணக்கு, டேலி கணக்கு, ஏற்றுமதி ஆவணம் எல்லாம் ஓரிடத்தில் சேரும் பெட்டி. அது பழைய இரும்புக் கடைக்குப் போனால் அவையும் உடன் போகும்.

தேவை

கோப்பை நீக்கி ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், ஹார்ட் டிஸ்கில் கோப்பின் இருப்பிடக் குறிப்புதான் போகிறது. அதே இடத்தில் வேறு தரவு எழுதப்படும்வரை மீட்பு மென்பொருளால் பழையதை எடுத்துவிடலாம். விரைவு ஃபார்மேட்டும் இதைப் போன்றதே. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. பழைய கருவிகளை அப்புறப்படுத்தியதில் வாடிக்கையாளர் தரவைக் காக்கத் தவறியதற்காக, 2022இல் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் 3.5 கோடி டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

முறைகள்

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் 800-88 வழிகாட்டி மூன்று படிகளைச் சொல்கிறது: மேலோட்டமாகத் துடைத்தல், ஆய்வகத்தாலும் மீட்க முடியாதபடி துடைத்தல், சிதைத்தல்.

மேலெழுதுதல்: ஹார்ட் டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதுவது. பீட்டர் கட்மன் 1996இல் முன்வைத்த 35 முறை எழுதும் வழி அக்காலக் கருவிகளுக்கானது. இன்றைய ஹார்ட் டிஸ்குக்குப் பொதுவாக ஒருமுறையே போதும்.

காந்தம் நீக்கல்: வலுவான காந்தப்புலத்தில் வைத்துப் பதிவைக் குலைப்பது. ஹார்ட் டிஸ்குக்குப் பயன்படும். எஸ்எஸ்டியில் தரவு மின்னேற்றமாகத் தங்குவதால் அங்கே பலிக்காது.

எஸ்எஸ்டி துடைப்பு: நினைவகச் சில்லுகள் சீராகத் தேய்வதற்காகக் கருவி ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் எழுதுவதால், மேலெழுதினாலும் பழைய தரவு ஒதுக்கிடங்களில் மிஞ்சலாம். எனவே கருவிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளை வேண்டும். முதலிலிருந்தே முழுதும் மறையாக்கம் செய்த கருவி என்றால் அதன் திறவுகோலை அழித்தாலே போதும்.

சிதைத்தல்: இயந்திரத்தில் துண்டுதுண்டாக அரைப்பது. ஓரிரு துளைகள் ஹார்ட் டிஸ்கை ஓடாமல் செய்யும். ஆனால் உள்ளிருக்கும் தட்டின் மற்றப் பகுதியில் பதிவு அப்படியே இருக்கும். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு நினைவகச் சில்லும் உடைய வேண்டும். மடிக்கணினி ஹார்ட் டிஸ்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியாலானது. சுத்தியால் அடித்தால் சிதறும் என்பதால் கண் கவசம் அவசியம்.

சட்டம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, நோக்கம் முடிந்த தரவை அழிக்கக் கூறுகிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் விலக்கு உண்டு. தரவைக் காக்கத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆகவே அழிக்கும் முன் அவற்றை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்வது முதல் வேலை.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள் மொத்தப் பயனர்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் முதலானோரிடமே கழிவை ஒப்படைக்கச் சொல்கின்றன. குறைந்தது ஆயிரம் மின், மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துவோரே மொத்தப் பயனர் என்பதால், சிறு ஆலைகள் பல இந்த வரையறைக்குள் வருவதில்லை.

வட்டாரச் சூழல்

இவ்வூர்கள் அமைந்த பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியென ஏற்றது. பழைய கணினியின் மின்சுற்றுப் பலகையைத் திறந்தவெளியில் எரிப்பதும் அமிலத்தில் கரைப்பதும் காரீயம் முதலிய நஞ்சுகளைத் தோல் கழிவு சேர்ந்த அதே மண்ணிலும் நீரிலும் சேர்க்கும். அதனால் தரவை ஆலையிலேயே துடைத்து, கருவியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து அழிப்புச் சான்றிதழ் பெறுவதே ஏற்ற வழி. ஆயிரம் கருவி இல்லாத ஆலைக்கும் இவ்வழி திறந்தே உள்ளது.