தண்டவாளமும் எழுத்தும்



எங்கள் உச்சிப்புளி, இராமநாதபுரத்திற்கும் மண்டபத்திற்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர். இராமேசுவரம் செல்லும் வண்டிகள் இவ்வழியேதான் ஓடும். நெடுங்காலம் இப்பாதை ஒரு மீட்டர் அகலமே உடையதாயிருந்தது; அகலப்பாதையின் அளவோ 1,676 மில்லிமீட்டர். அகலப்பாதையில் வந்த சரக்கை, இரு பாதைகளும் சந்திக்கும் நிலையத்தில் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். சரக்கிலும் குறையில்லை, வண்டியிலும் குறையில்லை. அளவு ஒவ்வாமையே இடர். 2007ஆம் ஆண்டில் எங்கள் பாதையும் அகலமாயிற்று, அவ்விடர் ஒழிந்தது.

கணினியில் தமிழுக்கும் இத்தகைய இடர் ஒன்று நேர்ந்தது. அதன் வரலாற்றையே இன்று கூறப் புகுகின்றேன்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட முதியோரிடம், 2001ஆம் ஆண்டில் என் மாணவர்கள் சென்று கேட்டறிந்தவற்றைக் கணினியில் தட்டச்சுச் செய்து குறுந்தகட்டில் சேமித்தோம். 2012இல் வேறொரு கணினியில் அதனைத் திறந்தபோது, தமிழ் ஓரெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலே தோன்றியது. கையெழுத்தேடுகளைக் கரையான் அரித்துவிட்டது. சொன்னவர்களுள் பலர் மறைந்துவிட்டனர்.

இதற்குக் காரணம் யாது? கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே உண்டு. எந்த எண்ணில் எந்தத் தமிழெழுத்தை அமர்த்துவது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வகுத்தனர்; ஆங்கில எழுத்துகளின் எண்களையே எடுத்துக்கொண்டோரும் உளர். ஆகவே, ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவருக்குப் புதிராயிற்று.

இக்குழப்பத்தை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். உலகெங்குமுள்ள தமிழர் மின்னஞ்சல்வழி விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய 'தமிழ்நெட் 99' மாநாட்டையடுத்து 'டாம்', 'டாப்' என்னும் முறைகளும், 'தமிழ் 99' விசைப்பலகையும் வந்தன. பொது அளவுகோல்களே பலவாகிவிட்டமையின் குழப்பம் முற்றும் தீரவில்லை.

உலக மொழிகள் யாவற்றுக்கும் ஒரே எண் வரிசை வகுக்கும் யூனிக்கோடு, 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கும் இடமளித்திருந்தது. அதில் 'அ' என்பதன் எண் 2949. எந்த நாட்டில், எந்த மென்பொருளில் திறப்பினும் அது மாறாது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு யூனிக்கோடை ஏற்றது. 'டேஸ் 16' என்னும் முறையும் உடன் ஏற்கப்பட்டது.

எழுத்து ஒன்றானால் போதுமோ? ஆவணத்தின் அமைப்பும் ஒவ்வ வேண்டும். ஓர் அலுவலக மென்பொருளில் வரைந்த அட்டவணை, மற்றொன்றில் கலைந்து தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதற்கென 'ஓடிஎஃப்' 2006இலும், 'ஓஓஎக்ஸ்எம்எல்' 2008இலும் உலகத் தர அளவுகளாயின. இங்கும் அளவு இரண்டாயினமையின், கலைதல் குறைந்ததேயன்றி அறவே ஒழியவில்லை.

எங்கள் குறுந்தகடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதன் உறைமேல் ஒரு மாணவன் எழுத்துருவின் பெயரைக் குறித்திருந்தான். அவ்வொரு சொல்லைக்கொண்டு, எழுத்துரு மாற்றியின் துணையால் பெரும்பகுதியை மீட்டோம். நான்கு பக்கங்கள் மட்டும் பெயரறியா வேறோர் எழுத்துருவில் இருந்தன. எக்குறி மிகுதியாக வருகின்றது, எக்குறிக்குப்பின் எது வருகின்றது என்று ஒப்பிட்டு, மூன்று பக்கங்களை வாசித்துவிட்டேன். ஒரு பக்கம் எஞ்சியுள்ளது. அதில் எவருடைய துயரம் அடங்கியுள்ளதோ, அறியேன்.

மாணவர்களே, எழுதுவது நம் கடமையில் பாதியே. நாளை வருவோர் வாசிக்கத்தக்கவாறு பொது அளவில் எழுதி, எவ்வளவில் எழுதினோம் என்பதையும் குறித்து வைப்பதே மறுபாதி.