வாக்கியப் பஞ்சாங்கமும் நிலவின் கோண உந்தமும்

வாக்கியப் பஞ்சாங்கம் என்பது, நிலவின் அன்றாட இருப்பிடத்தை மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் முறையாகும். நிலவு எல்லா நாளும் ஒரே அளவு நகர்வதில்லை. இதைப் பஞ்சாங்கக் கணிதர்கள் நன்கு அறிந்திருந்தனர். இதன் காரணத்தைக் கோண உந்தம் விளக்குகிறது.

248 வாக்கியங்கள்

நிலவு, புவிக்கு மிகத் தொலைவான சேய்மைநிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடையச் சுமார் 27.55 நாட்கள் ஆகின்றன. இத்தகைய 9 சுற்றுகள் ஏறத்தாழ 248 நாட்கள். எனவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் அமைந்தன. இவற்றை வரருசி இயற்றியதாக மரபு கூறும். எழுத்துகளை எண்களாகக் கொள்ளும் கடபயாதி முறையில், முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை எனத் தருகிறது. நிலவு புவியை நெருங்கும் அண்மைநிலையில் ஒரு நாள் நகர்வு 14 பாகையைத் தாண்டும்.

புதுச்சேரிக் கணிதர்கள்

வெள்ளி இடைநகர்வைக் காண 1768-இல் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டில், தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணக் கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி கூடுதலாகவும் இருந்ததாக அவர் பதிவு செய்தார்.

1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ நூலில் ஜான் வாரன், தரையில் சோழிகளை வைத்துக் கிரகணம் கணித்த தமிழர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவ்வாண்டுக் கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. முடிவிலோ 52 நிமிடம்.

காரணம்

சுற்றும் பொருள் சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என 1609-இல் கெப்ளர் வெளியிட்டார். மையத்தை நோக்கிய விசை எதுவாயினும் இவ்விதி பொருந்தும் என 1687-இல் நியூட்டன் நிறுவினார். புவியின் ஈர்ப்பு எப்போதும் புவியை நோக்கியே இருப்பதால், அது நிலவின் மீது திருப்புவிசையை ஏற்படுத்தாது. ஆகவே கோண உந்தம் மாறாது.

கணக்கிடுதல்

சேய்மை, அண்மை நிலைகளில் திசைவேகம் ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கும். அங்கு,

கோண உந்தம் = நிறை × ஆரம் × திசைவேகம்

- நிலவின் நிறை: 7.35 × 10²² கிலோகிராம்
- அண்மைநிலை: 3,63,300 கி.மீ., விநாடிக்கு 1.082 கி.மீ.
- சேய்மைநிலை: 4,05,500 கி.மீ., விநாடிக்கு 0.970 கி.மீ.

கிலோமீட்டரை மீட்டராக்கிப் பெருக்கினால், இரு நிலைகளிலும் கிடைப்பது சுமார் 2.89 × 10³⁴ கிலோகிராம் மீட்டர்² / விநாடி. தொலைவு குறையும்போது வேகம் கூடி, பெருக்கல் தொகை மாறாமல் நிற்கிறது. சூரியனின் ஈர்ப்பு இதில் சிறு மாற்றங்களை உண்டாக்கும்.

248 வாக்கியங்கள் நிலவுக்கு மட்டுமே உரியவை. இச்சமன்பாடு செயற்கைக்கோளுக்கும் பொருந்தும். தமிழகக் கோயில்கள் பலவற்றில் வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் பின்பற்றப்படுகிறது.