வால்வு திரும்பி வந்த கதை

பழைய வால்வு றேடியோ திருகின உடனே பாடாது. உள்ளே இழை சூடாகி, கண்ணாடிக் குழாய் மெல்லச் சிவந்த பிறகுதான் குரல் வரும். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய ஓடியனின் வழிவந்தவை அவை. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. அதைச் சூடாக்கத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான வோல்ட்டும் வேண்டாம்.

1990களின் முற்பாதியில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி எங்கட ஆக்கள் செய்தி கேட்டது அதாலதான். வீட்டு வால்வு றேடியோவுக்கு அந்த டைனமோ காணாது.

பிறகேன் இப்ப ட்ரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயருக்கு முன்னால வால்வு ப்ரீஅம்ப் பூட்டுகினம்? வால்வு, வந்த ஒலியோட அதன் இருமடங்கு அதிர்வெண்ணையும் கொஞ்சம் கலக்கும். அளக்கும் கருவிக்கு அது பிழை. ஆனால் அது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி எண்டபடியால் காதுக்கு இதம். ஸ்பீக்கரை இயக்கும் பார வேலையை ட்ரான்சிஸ்டரே செய்யும்.

ஆக, புதுசு வந்து பழசை வென்றது எண்டு இந்தக் கதையை நாங்கள் முடிக்க ஏலாது. இதம் தேடுவம், பிழையில்லை. இருட்டில எங்களுக்குச் செய்தி கொண்டுவந்தது எது எண்டதையும் மறவாமல் இருப்பம்.