பேதுரு நற்செய்தி ஏன் பைபிள்ல இல்லை?

பைபிள் பத்திப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க: "325-ல நைசியா மாநாட்டுல பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தித்தானே பிடிக்காத புத்தகங்களைத் தூக்கினாரு?" 2003-ல வந்த 'டா வின்சி கோட்' நாவல் புண்ணியத்துல இந்தக் கதை ரொம்பப் பரவிடுச்சு. அந்த மாநாடு போட்ட 20 விதிகளையும் நான் வாசிச்சுப் பார்த்தேன். புத்தகப் பட்டியல் பத்தி ஒண்ணுகூட இல்லை.

அப்போ எப்படித்தான் நடந்தது? நைசியாவுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி, அந்தியோக்கியா நகரத்துல செராப்பியோன்னு ஒரு பிஷப் இருந்தார். அவர் பொறுப்புல இருந்த ரோசஸ் ஊர்ல, பேதுரு நற்செய்தின்னு ஒரு நூலால மக்களுக்குள்ள சச்சரவு. இவ்வளவுதான் பிரச்சனைன்னா வாசிச்சுக்கட்டும்னு அவரும் விட்டுட்டார். அப்போ அவர் அந்த நூலை முழுசாப் படிச்சிருக்கலை.

பிறகு ஒரு பிரதியை வாங்கிப் படிச்சார். பெரும்பகுதி சரியாத்தான் இருக்கு, ஆனா சில சரக்கு பின்னாடி சேர்த்ததுன்னு எழுதினார். இயேசுவுக்கு நிஜ உடம்பே கிடையாது, இருக்கிற மாதிரி தெரிஞ்சதுன்னு நம்பின ஒரு குழுகிட்டதான் அந்த நூல் புழங்கிட்டு இருந்தது. மேல பேதுரு பேரு இருந்தா மட்டும் போதாதுன்னு ஒதுக்கிட்டார். இந்தக் கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தன் நூல்ல எடுத்துப் போட்டிருக்கார்.

கருத்துப் பிழையே இல்லாத நூலும் வெளிய நின்னிருக்கு. 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' பலருக்கும் பிடிச்ச நூல். நாலாம் நூற்றாண்டு சினாய் பைபிள் பிரதியோட கடைசியில அதுவும் இருக்கு. ஆனா முரட்டோரி பட்டியல்ங்கிற பழைய குறிப்பு, இது நம்ம காலத்துல எழுதினது, தனியா வாசிக்கலாம், சபையில வாசிக்க வேண்டாம்னு சொல்லுது. அப்போஸ்தலர் காலத்து நூலா, போதனையோட ஒத்துப்போகுதா, பல ஊர்ச் சபைகள்ல வாசிக்கிறாங்களா? இந்த மூணும்தான் வடிகட்டி.

இன்னைக்கு இருக்கிற அதே 27 புதிய ஏற்பாட்டு நூல்களோட பட்டியல், 367-ல அத்தனாசியஸ் எழுதின ஈஸ்டர் கடிதத்துலதான் முதல்ல கிடைக்குது. அதுக்குப் பிறகும் எல்லாரும் ஒத்துப்போகலை. பழைய சிரியாக் பைபிள்ல வெளிப்படுத்தல் நூல் இல்லை. எத்தியோப்பியத் திருச்சபை பைபிள்ல ஏனோக்கு இன்னைக்கும் இருக்கு.

சரி, வெளிய நின்னா என்ன ஆகும்? எங்க வேலையில எதுக்கும் பேக்கப் இருக்கும். அந்தக் காலத்துல பேக்கப்னா, யாராவது உட்கார்ந்து கையால திரும்ப எழுதணும். சபையில வாசிக்காத நூலுக்கு யார் மெனக்கெடுவாங்க? எரிக்கக்கூட வேண்டாம், பிரதி எடுக்காம விட்டாலே போதும். பேதுரு நற்செய்தி அப்படித்தான் காணாமப் போச்சு. 1886-87 குளிர்காலத்துல எகிப்தோட அக்மீம்ல ஒரு கல்லறையிலிருந்து அதோட ஒரு பகுதி கிடைச்சது. அதுல சிலுவை கல்லறையை விட்டு நடந்து வந்து பேசுது!

செராப்பியோன் தரப்பு நியாயம் நமக்குத் தெரியும். ரோசஸ் மக்களுக்கு அந்த நூல் ஏன் பிடிச்சதுன்னு சொல்ல, அவங்க எழுதின ஒரு வரிகூட மிஞ்சலை. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இப்போ எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வருது.

அடுத்த எபிசோடுல ஏனோக்கு. சந்திப்போம்.